பதினெட்டு நொடித் திருத்தம்

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்குச் செய்தியறையில் இருந்தவர்கள்:

ஆசிரியர். எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டுவார் என்பதால் கத்திரி என்று பெயர். அது அவருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

வாசிப்பாளர். பத்தொன்பது வருடமாகச் செய்தி படிக்கிறவர். அவரைவிட வயதில் மூத்த கத்திரிக்கும் அவர் அக்காதான்.

ஒலிப்பதிவாளர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அவர் பேசினால் உதடு மட்டும் தெரியும்.

லிஃப்ட்காரர். ஐம்பத்தேழு வயது, காக்கிச் சட்டை, கையில் மடித்த குடை. அவருக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. அவர் வந்ததற்குக் காரணம் நான்.

நான். பெயர் ஆந்தை.

எங்கள் செய்தியறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கத் துளை போட்ட பலகை, தரையில் கம்பளம், கதவு விளிம்பில் ரப்பர். ஒருவர் தும்மினால் அந்தத் தும்மல் அவர் மேசையைத் தாண்டிப் போகாது. வெளியே மழையா வெயிலா என்று தெரிய வானிலைக் குறிப்பைத்தான் பார்க்க வேண்டும். அதை எழுதியவனும் இதே அறையில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பான். நடைவழியில் வரிசையாக ஒலிபெருக்கிகள் உண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு கண்ணிமைப்பு நேரம் தள்ளியே சத்தம் வரும். அதனால் அந்த வழியாக நடந்தால் ஒரே வாக்கியம் பின்னாலேயே நடந்து வருவது போல் இருக்கும்.

இரண்டு வருடம் இரவு ஷிஃப்டில் இருந்தேன். கல்லூரியை மூன்றாம் வருடத்தில் விட்டவனுக்கு வேறு ஷிஃப்ட் யார் கொடுப்பார்கள்? போன மாதம் பகலுக்கு மாற்றினார்கள். உடம்பு மாற மறுத்தது. பகல் மூன்று மணி எனக்கு நடுச்சாமம். ஆட்கள் தண்ணீருக்கு அடியில் நடக்கிற மாதிரி நடப்பார்கள். டெலிபோன் எங்கோ பக்கத்துத் தெருவில் அடிக்கும். கையை நீட்டினால் அது என் மேசையில்தான் இருக்கும். "அண்ணா, நீ கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே தூங்குறே" என்று வீட்டில் தங்கை சொல்வாள். "அவன் பொறந்ததிலிருந்தே அப்படித்தான்" என்பாள் அம்மா.

இங்கே பஞ்சு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். செய்தி ஐந்து நிமிடம். ஐந்தாவது நிமிட முடிவில் இயந்திரம் தானாகவே விளம்பரத்தைத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே செய்தி தீர்ந்துபோனால் மிச்சம் மௌனம். வானொலியில் அதற்கு மேல் ஒரு குற்றம் கிடையாது. உயிரோடு இருப்பவரை இறந்துவிட்டார் என்று அறிவித்தால் ஒரு விளக்கக் கடிதத்தோடு போகும். ஆறு நொடி மௌனத்துக்கு மேலிடத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்காகத்தான் வாசிப்பாளர் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு தட்டு இருக்கும். அதில் தேதி இல்லாத குட்டிச் செய்திகள். எங்கோ ஒரு மரம் ஒரே வருடத்தில் இரண்டு முறை பூத்தது, எங்கோ ஒரு பூனை ரயிலேறி வீடு திரும்பியது. தாளின் மூலையில் எத்தனை நொடி என்று எழுதியிருக்கும். இடைவெளி எவ்வளவோ அதற்கேற்றதை எடுத்து அடைத்துவிடலாம், தலையணையில் பஞ்சு அடைக்கிற மாதிரி.

இந்தப் பஞ்சை ஏஜென்சிச் செய்திகளிலிருந்து பொறுக்கி வைப்பது இரவுக்காரன் வேலை. நான் சேர்ந்த மூன்றாவது மாதம் ஒருநாள் ஏஜென்சி லைன் செத்துப்போனது. தட்டும் காலி. ஒரு நூலகத்துக்கு ஐம்பத்திரண்டு வருடம் கழித்து ஒரு புத்தகம் தபாலில் திரும்பி வந்ததாகவும், அதன் நடுவே பாதி கடித்த பென்சில் ஒன்று இருந்ததாகவும் எழுதினேன். பதினாறு நொடி. யாரும் எதுவும் கேட்கவில்லை. காலைச் செய்தியிலும் அதையே போட்டார்கள். "அந்தப் பென்சில் நல்லா இருந்துச்சுடா" என்றாள் அம்மா. நான் வேலைக்குப் போனதிலிருந்து அவள் என் வேலையைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

அதற்குப் பிறகு பொறுக்குவதை விட்டுவிட்டேன். உட்கார்ந்தபடியே கண் சொருகும்போது எதாவது வரும். முழுத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. வந்ததை எழுதினேன். லிஃப்ட்காரரும் அப்படி வந்தவர்தான். கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட். உள்ளே ஒரு முக்காலியில் ஒல்லியாக ஒரு ஆள். மாடிகள் ஒவ்வொன்றாக மேலிருந்து இறங்கி அவர் முழங்காலைத் தாண்டிக் கீழே போகின்றன. வெளிச்சம் அவர் செருப்பின்மேல் விழுகிறது, போகிறது, விழுகிறது. அவர் அசையவே இல்லை. நான் எழுதியது இவ்வளவுதான்:

"நகரின் பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் மின்தூக்கி இயக்குநராகப் பணியாற்றியவர் ஓய்வு பெற்றார். இத்தனை ஆண்டுகளில் அவர் அக்கட்டடத்தின் மொட்டை மாடியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கடைசி நாளில் சக ஊழியர்கள் அவரை அங்கே அழைத்துச் சென்றனர்."

பதினெட்டு நொடி. மாதக்கணக்கில் தட்டில் கிடந்தது. இந்தப் புதன்கிழமை நண்பகல் செய்தியில் ஒரு பேட்டி பாதியில் அறுந்துபோக, அக்கா கையை நீட்டி இதை எடுத்துப் படித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வாசல் காவலாளி அவரைக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனார். வந்தவர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"லிஃப்ட் செய்தி எழுதினது யாரு தம்பி?"

"என்ன விஷயம்?" என்றேன்.

"நான்தான் அந்த லிஃப்ட்."

நான் எழுதிய ஆளைப் போல் இல்லை. இவருக்குத் தொப்பை. உட்காரச் சொன்னேன். குடையை மடியில் படுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஊர்ல ஆள் வச்சு ஓட்டுற லிஃப்ட் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதை ஓட்டுறது நான். முப்பத்தொண்ணு இல்ல, இருபத்தொன்பது வருஷம். ரெண்டு கூடப் போட்டுட்டீங்க, அது கிடக்கட்டும். ஆனா நான் ஓய்வு பெறல."

"அது நீங்கன்னு செய்தியில சொல்லலையே."

"எங்க கட்டடத்துல நானூறு பேர். நானூறு பேரும் வந்து கை குடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தர் சால்வை போட்டார். வேணாம் வேணாம்னு சொல்றதுக்குள்ள போட்டுட்டார்."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. பக்கத்து மேசையில் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார். அடுத்து லிஃப்ட்காரர் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்துவிட்டார்.

"அடுத்த மாசம் புது லிஃப்ட் வருது. பொத்தானை அமுக்கினா தானா போகும். என்னைக் கீழ வாசல் மேசையில உக்கார வைக்கிறதா பேச்சு. இன்னும் மூணு வருஷம். மாப்பிள்ளைக்கு வேலை போயி, மகளும் பேரனும் எங்க வீட்லதான் இருக்காங்க. அந்த மேசையை நம்பித்தான் இருக்கோம். நேத்து மேனேஜர் கூப்பிட்டார். 'ரேடியோவுல போய் அழுதியா? மாடியைக்கூடக் காட்டாம கூண்டுல வச்சிருந்தோம்னு ஊருக்கே சொல்லிட்ட. ஓய்வு வாங்கிட்டதாவும் நீயே சொல்லிட்ட. அப்படியே வச்சுக்கோ'ன்னுட்டார். அந்த மேசைக்குத் திங்கக்கிழமையே வேற ஆள் எடுக்கிறாங்க."

"நீங்க சொல்லலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். 'அப்ப யார் சொன்னா'ங்கிறார். ரேடியோவே அது தப்புன்னு சொல்லட்டும், பாக்கலாம்னார். இன்னைக்கு அஞ்சு மணிக்கு அவர் கிளம்பிடுவார். திங்கக்கிழமை வந்தா அந்த ஆளோடதான் வருவார்."

ஐந்து மணிக்கு முன்னால் ஒரே ஒரு செய்திதான் பாக்கி. நான்கு மணிச் செய்தி.

"வீட்லயும் ரெண்டு நாளா தட்டு வருது, பேச்சு வரல" என்றார். "'ஓய்வு வாங்கினதை எங்கிட்டயே மறைச்சிட்டீங்களே'ன்னு என் வீட்டுக்காரி. மாடி விஷயத்தை யார்கிட்ட உளறினேன்னு நான் அவளைக் கேட்டுட்டேன். அதுல வேற கோபம்."

"மாடி விஷயமா?"

"அதுதான் தம்பி நிஜம். நான் பாத்ததே இல்ல. லிஃப்ட் ஆறு வரைக்கும்தான் போகும். அதுக்கு மேல படி, படிக்குப் பூட்டு, சாவி மேனேஜர்ட்ட. கேட்டா குடுத்திருப்பார். கேக்கத் தோணல, அப்புறம் கேக்க வெக்கமாப் போச்சு. இது அவளுக்கு மட்டும்தான் தெரியும்."

அறை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. தூக்கமில்லாதவனுக்கு இப்படி ஆவது புதிதில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

கத்திரி எப்போது என் பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. கையில் புதன்கிழமைக் கோப்பு. எங்கள் அறையில் ஒவ்வொரு தாளிலும் மூன்று சுருக்கக் கையெழுத்து இருக்கும்: எழுதியவன், பார்த்தவர், படித்தவர். அக்காவின் மேசைக்குப் பின்னால் கண்ணாடி ஓரத்துக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்.

"எங்கேருந்து வந்தது இது? ஏஜென்சியா?"

"இல்ல சார்."

"நிருபர் யாராவது?"

"எங்கேருந்தும் வரல."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் எங்களைப் பார்த்து எதையோ கேட்டார். உதடு மட்டும் அசைந்தது.

"இது ஒண்ணுதானா?"

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணா."

"ஒண்ணு ரெண்டு கூடக் குறைய இருக்கும்."

"அந்தப் பென்சில்?" என்றார்.

"அதுவும்தான்."

"என் பொண்டாட்டி அந்தப் பென்சிலை வச்சு அவ வகுப்புல ஒரு பாடமே நடத்தினா. பசங்க கட்டுரை எழுதியிருக்காங்க. அதுல நாலு கட்டுரையை என்னைத் திருத்த வச்சா." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி. உன் கணக்கை அப்புறம் பாக்கறேன். முதல்ல இந்த மனுஷனை அனுப்பணும்."

நின்றபடியே எழுதி லிஃப்ட்காரரிடம் படித்துக் காட்டினார். "புதன்கிழமை வெளியான செய்தி தவறான தகவலின் அடிப்படையில் அமைந்தது. வருந்துகிறோம்."

லிஃப்ட்காரர் யோசித்தார். "தவறான தகவல்னா, குடுத்தது யாருன்னு கேப்பாரே."

"எங்களை வந்து கேக்கச் சொல்லுங்க."

"உங்ககிட்ட எதுக்கு சார் வருவார்? எங்கிட்டதான் வருவார். நான் அவருக்குப் பத்தடி தூரத்துல உக்காந்திருக்கேன்."

கத்திரி அதைக் கிழித்துவிட்டு இன்னொன்று எழுதினார். இதில் ஒரு செய்தி நிறுவனம் வந்தது.

"அந்த நிறுவனத்துக்கு மாடி விஷயம் யார் சொன்னதாம்?"

மூன்றாவதில் நம்பத்தகுந்த வட்டாரம் வந்தது.

"அந்த வட்டாரம் நான்தான்னு சொல்லிடுவார் சார்."

எத்தனை விதமாக எழுதினாலும் அந்த வாக்கியத்துக்குள் ஒரு ஆள் ஒளிந்திருந்தான், யாரோ ஒருவரிடம் போய் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். கத்திரி எழுதியது எல்லாமே அந்த மனிதரின் வாசல் மேசையைத் தட்டிப் பறிப்பதாகவே இருந்தது. யாருமே சொல்லவில்லை என்றால்தான் அவர் சொல்லவில்லை என்று ஆகும். மணி மூன்று முப்பத்திரண்டு. நான் ஒரு தாளை இழுத்து எழுதினேன்.

"புதன்கிழமை நண்பகல் செய்தியில் மின்தூக்கி இயக்குநர் ஒருவர் ஓய்வு பெற்றதாகச் சொன்னோம். அப்படி யாரும் ஓய்வு பெறவில்லை. அச்செய்தியை எங்களுக்கு யாரும் தரவில்லை. அது இந்தச் செய்தியறையில் உட்கார்ந்து எழுதப்பட்ட கற்பனை. அதற்காக மனப்பூர்வமாக வருந்துகிறோம்."

கத்திரி படித்தார். "இது போச்சுன்னா நீ சாயந்தரமே வெளிய. தெரியுதா?"

"தெரியுது சார்."

"உன் பின்னாடியே நானும். பார்த்தவர்னு என் கையெழுத்து இருக்கு."

"நீங்க பார்த்தீங்க. ஜோடிச்சது நான்."

"பார்த்தேன்னு சொல்றது இன்னும் அசிங்கம்டா." தாளைக் கையில் வைத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் காத்திருந்தோம். அந்தப் பத்து நிமிடம் என் நினைவில் பத்து நிமிடமாக இல்லை. வினாடி முள் ஒவ்வொரு கட்டமாக ஏறி, நின்று, மறுபடி ஏறியது. எங்கோ ஒலிபெருக்கியில் ஒரு பெண் காய்கறி விலை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரல் நடைவழி முழுக்கத் தேய்ந்து தேய்ந்து நடந்து போனது. லிஃப்ட்காரர் என் பக்கம் குனிந்தார்.

"மாடி விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது தம்பி? நிஜத்தைச் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்லல, அவளும் சொல்லல."

"தூக்கத்துல பாத்தேன்."

"என்னையா?"

"ஒல்லியா இருந்தீங்க."

"இருபது வருஷம் முன்னாடி ஒல்லிதான்." மடியில் இருந்த குடையைத் திருப்பி வைத்தார். "மேல என்ன இருந்துச்சு?"

எழுதாமல் விட்ட பகுதி அது. பதினெட்டு நொடிக்கு மேல் போகும் என்று விட்டது. "தண்ணித் தொட்டி ரெண்டு. துணி காயப்போடுற கம்பி, துணி இல்ல. ஓரத்துல கை ஒடிஞ்ச நாற்காலி ஒண்ணு, வெளியே பாத்த மாதிரி போட்டிருந்துச்சு. காத்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார். "அந்த நாற்காலியை ஆறாவது மாடி வரைக்கும் நான்தான் ஏத்தினேன். மேனேஜர் ரூம்ல இருந்தது. அங்கேருந்து ரெண்டு பேரு படியில தூக்கிட்டுப் போனாங்க." பிறகு, "நல்ல காத்தா?" என்றார்.

"நல்ல காத்து."

என் கை மயிர் சிலிர்த்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எந்தக் கட்டடத்து மாடியிலும் தொட்டி இருக்கும், உடைந்த நாற்காலி இருக்கும். ஆனால் அந்த மனிதர் அதற்குப் பிறகு சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தின் மேல் வெளிச்சம் விழுந்தது, போனது, விழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ விளக்கைப் போட்டு அணைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று நாற்பத்தைந்துக்குக் கத்திரி வந்தார். தாளில் ஒரே ஒரு சொல்லை வெட்டியிருந்தார். மனப்பூர்வமாக என்ற சொல். கீழே கையெழுத்து இருந்தது.

"படிக்கிறவங்க கையெழுத்து" என்று தாளை அக்காவிடம் நீட்டினார். எந்தக் குரலில் தப்பு போனதோ அதே குரலில்தான் திருத்தம் போக வேண்டும், எவ்வளவு நேரம் போனதோ அவ்வளவு நேரம். அது இந்த அறையின் பழைய வழக்கம்.

அக்கா தாளைத் தொடவில்லை.

"நான் படிக்க மாட்டேன்."

"வழக்கம் அதுதானே அக்கா" என்றார் கத்திரி.

"வழக்கத்தை நானும் பத்தொன்பது வருஷமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இந்த வாயால நாப்பத்தொரு பொய்யைப் படிச்சிருக்கேன், எனக்கே தெரியாம. அந்தப் பூனையை நான் எவ்வளவு ஆசையாப் படிச்சேன் தெரியுமா? பாவம், ரயில்ல எங்க உக்காந்து வந்துச்சோன்னு வீட்ல போய்ப் பேசினேன்." என்னைப் பார்த்தார். "பூனை?"

"பூனை ஏஜென்சி அக்கா. அது நிஜம்."

"அதையாவது விட்டு வச்சியே." தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார். "இதை நான் படிச்சா நான் தெரிஞ்சே செஞ்ச மாதிரி இருக்கும். நீ எழுதின. நீ படி, ஆந்தை."

"என் குரல் கேவலம் அக்கா. தகரத்துல ஆணி போட்ட மாதிரி."

"பொய்க்குத்தான் நல்ல குரல் வேணும். இதுக்கு உன் குரல் போதும்."

கத்திரி மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எழுதப்பட்ட கற்பனைன்னு இருக்கிறதை மாத்து" என்றார். "நீ படிக்கிறதுன்னா, எழுதினது நான்னு சொல்லு."

மாற்றினேன். தூக்கம் வந்தது. எல்லாம் முடிந்த பிறகு வரவேண்டிய தூக்கம், முன்னதாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

லிஃப்ட்காரர் என் மேசை டெலிபோனில் தன் அலுவலகத்துக்குப் பேசினார். "யாரு, தம்பியா? சார்கிட்ட ரேடியோவை வைக்கச் சொல்லு. நாலு மணி. ஆமா, அதான். கேட்டாரான்னு பாத்து எனக்குச் சொல்லு." வைத்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, மறுபடி எடுத்து வீட்டுக்குப் பேசினார். "நான்தான். நாலு மணிச் செய்தியைக் கேளு. கேட்டுட்டுப் பேசலாம்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்ல, நான் படிக்கல. ஆந்தைன்னு ஒருத்தர்."

என் வீட்டுக்கு நான் போன் செய்யவில்லை. அம்மா எப்படியும் கேட்பாள்.

"தம்பி" என்றார் அவர். "மாடியைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லையே?"

"சேக்கணுமா?"

"வேணாம். அது என் விஷயம்."

மூன்று ஐம்பத்தேழு. ஸ்டூடியோவுக்குள் இரண்டு மைக். அக்கா தன் இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். எதிர் நாற்காலியைக் காலால் எனக்குத் தள்ளிவிட்டார். ஒலிப்பதிவாளர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கத்திரி அவருக்குத் தலையசைத்தார். போன வருடம் நேரலையில் டீக்காரர் உள்ளே வந்துவிட்டதிலிருந்து, செய்தி முடியும்வரை கதவைப் பூட்டி வைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. சாவி கத்திரியின் கையில் இருந்தது.

"மெதுவாப் படி" என்றார். "ஓடாத. முதல் வரியில மூச்சு விட்டுக்கோ."

"சரி சார்."

"முடிஞ்சதும் வெளிய வா. மேலேருந்து போன் வரும். நான் எடுக்கறேன்."

நான் தாளைப் பிடித்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டினேன். உள்ளே காற்று அடர்த்தியாக இருந்தது. என் மூச்சு எனக்கே பக்கத்தில் கேட்டது. பின்னால் கத்திரி கதவைச் சாத்தி, பூட்டினார்.